தம்பி கொண்டுவந்த கெர்னர் ஒயினை கிறிஸ்துமஸ் வரை வைத்திருக்கலாமா?

முட்டத்துக்காரி:
கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி விடுப்பில் வந்தபோது இத்தாலியிலிருந்து ஒரு வெள்ளை ஒயின் கொண்டுவந்தான். ஒல்லியான, உயரமான பாட்டில். லேபிளில் 'கெர்னர்' என்றும், கீழே 'ஆல்ட்டோ அடிஜே', 'சூட்டிரோல்' என்று இரண்டு ஊர்ப்பெயர்களும் இருக்கின்றன. அம்மா அதை அடுக்களை அலமாரியில், கிராம்பும் பட்டையும் சீனியும் போட்டுத் தான் திராட்சை ஒயின் ஊறவைக்கும் பரணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இருக்க இருக்க ருசி கூடுமாம், டிசம்பரில் திறக்கலாமாம். இந்த ஏப்ரல் வெயிலில் அந்த அடுக்களையில் நிற்கவே முடியவில்லை. கெட்டுப்போகாதா? எந்த மீனோடு சேரும்?

கருங்கல் வாசி:
இன்றைக்கே எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கோவாவில் வாங்கிய வெள்ளை ஒயினை ஒரு மே மாதம் முழுக்க அலமாரியில் விட்டுவிட்டேன். திறந்தபோது வெட்டிவைத்துக் கறுத்துப்போன ஆப்பிளின் வாசம்தான் வந்தது. முழுவதையும் கொட்டினேன்.

தக்கலைக்காரன்:
அக்கா, அந்தப் பகுதியில் பிரிக்சன் என்ற ஊரில், ஓட்டல் சமையலறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். இரண்டு பெயரும் ஒரே இடத்துக்குத்தான். முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த மலைநாடு அது. பிறகு இத்தாலிக்குப் போனது, வீட்டுமொழி பெரும்பாலும் ஜெர்மன்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கெர்னர் என்பது திராட்சையின் பெயர். 1929இல் ஜெர்மனியில் டிரோலிங்கர் என்ற சிவப்பு வகையையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வகையையும் கலந்து உருவாக்கினார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற கவிஞரின் பெயரை வைத்தார்கள். பிரிக்சனுக்குப் பக்கத்தில் 1142இல் தொடங்கிய நோயிஷ்டிஃப்ட் மடம் இருக்கிறது. அங்கே துறவிகளின் திராட்சைத் தோட்டங்கள் கல்கட்டு வைத்த செங்குத்துச் சரிவுகளில் நிற்கின்றன. பகலில் நல்ல வெயில். பொழுது சாய்ந்தால் செப்டம்பரிலேயே ஸ்வெட்டர் வேண்டும். அந்த இரவுக் குளிர்தான் பழத்தின் புளிப்பையும் மணத்தையும் காக்கிறது. நம் கரையில் கடல் இரவையும் வெதுவெதுப்பாகவே வைத்திருக்கிறது.

அம்மாவின் ஒயின்போல இது இனிக்காது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீனி சேர்க்க விடாதீர்கள். மூக்கருகே கொண்டுபோனால் பீச் பழமும், பச்சை ஜாதிக்காய்த் தொலியைக் கீறும்போது வருகிற மணமும் வரும். அந்த மணத்துக்காகவே இந்த ஒயினை அதிக நாள் வைத்திருக்காமல் புதிதாகவே குடிக்கிறார்கள்.

மீன் என்றால், புளியும் வற்றல் மிளகாயும் தூக்கலாகப் போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம். ஆல்கஹால் அந்த எரிவை இன்னும் ஏற்றும். நெய்மீனைத் தேங்காய்ப்பாலில், இஞ்சியும் இரண்டே பச்சைமிளகாயும் கீறிப்போட்டு வையுங்கள். பாலின் கொழுப்பை ஒயினின் புளிப்பு அறுத்துக்கொடுக்கும். பொரித்த நெத்திலியும் அருமை. குளிர் 8 முதல் 10 டிகிரி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் விட்டுத் திறவுங்கள். ஐஸ்கட்டி போடாதீர்கள், நீர்த்துவிடும்.

முட்டத்துக்காரி:
நன்றி தம்பி. பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டது. ஈஸ்டர் ஞாயிறன்று திறக்க அம்மா சம்மதித்துவிட்டார், நெய்மீனுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். கூடவே மரச்சீனிக்கிழங்கு அவிக்கலாமா?

தக்கலைக்காரன்:
தாராளமாக. ஆனால் தொட்டுக்கொள்ள அந்தத் தேங்காய்ப்பால் மீன்தான், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அல்ல.