பாப்பாவுக்கு ஆறாம் வகுப்பு எங்கே? - ‘எங்கள் வீடு’ குழு

நான் (காலை 6.50): எல்லோருக்கும் வணக்கம். பாப்பா ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலேயே எட்டு வரை படிக்கட்டுமா, ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் இப்போதே சேர்த்துவிடலாமா? இரண்டு இடத்துக்கும் நேற்று போய் வந்தேன். திங்கட்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்பதாம் வகுப்புக்கு எப்படியும் அங்கேதான் போக வேண்டும். புதுக் கட்டடம், ஆய்வகம் எல்லாம் இருக்கிறது. இப்போதே சேர்த்துவிடு.

நான்: ஆய்வகத்தையும் பார்த்தேன் அண்ணா. அது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான். ஆறாம் வகுப்பில் 58 பேர், ஒரு பெஞ்சில் ஐந்து பேர். பெண்கள் கழிப்பறையில் மூன்று கதவுகள் இருக்கின்றன, தாழ்ப்பாள் ஒன்றில்தான் இருக்கிறது. மற்ற இரண்டிலும் துணியைக் கிழித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லை.

அண்ணி: தாழ்ப்பாள் இல்லாவிட்டால் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காது. எங்கள் பெரியவள் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தாள். மாலையில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஆறு, ஏழில் பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிடும். கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

தம்பி (திருப்பூர்): டவுனில் உதவிபெறும் பெண்கள் பள்ளி இருக்கிறதே, அக்கா?

சித்தி: நல்ல பள்ளிதான், தம்பி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்ததே, அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவிபெறும் பள்ளி அதில் சேராது. நம் ஒன்றியப் பள்ளி சேரும். அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்க்கிறார்கள்; ஆனால் அதில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்வார்கள்.

தம்பி: இது எனக்குத் தெரியாது, சித்தி.

சித்தி: நான் முப்பது வருடம் நடுநிலைப் பள்ளியில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளும் முதுகெலும்பு மாதிரி. பின்னத்தையும் இயற்கணிதத்தையும் இங்கே விட்டால் பத்தாம் வகுப்பில் பிடிக்க முடியாது. எந்தப் பாடத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயா, அம்மா?

நான்: கேட்டேன், சித்தி. நம் ஊரில் ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் சேர்த்து 47 பிள்ளைகள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரு பட்டதாரி ஆசிரியை, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒருவர். சமூக அறிவியலுக்கு ஆள் இல்லை. போன வருடத்திலிருந்து காலியாம்.

அண்ணன்: பார்த்தாயா! ஆசிரியரே இல்லாத இடத்தில் எதற்கு?

நான்: ஒரு நிமிடம், அண்ணா. தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பையன் 3/4ஐயும் 2/5ஐயும் கூட்டி 5/9 என்று எழுதியிருந்தான். அந்த ஆசிரியை அதைத் தப்பு என்று அடித்துவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றை நான்காகவும் இன்னொன்றை ஐந்தாகவும் பிரித்து, ‘வண்ணம் தீட்டிப் பார், பாதிக்கு மேல் எது?’ என்று எழுதியிருக்கிறார். கீழே பையன் தீட்டியிருக்கிறான். மறுநாள் தேதியில் 23/20 என்று சரியான விடை. பெரிய பள்ளியில் நான் பார்த்த நோட்டில் ஜனவரிக்குப் பிறகு சிவப்பு மையே இல்லை.

சித்தி: அந்த ஆசிரியைக்காகவே சேர்க்கலாம். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத வைக்கிறார்களா?

நான்: எல்லோரையும் எழுத வைக்கிறார்கள். போன வருடம் இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது.

சித்தி: வருடம் 12,000 ரூபாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நான்கு வருடத்தில் 48,000. சின்னப் பள்ளியில் இரண்டு பேர் என்றால் அங்கே உழைப்பு இருக்கிறது. அண்ணனும் ஒன்றைப் புரிந்துகொள்ளட்டும். காலியிடம் சும்மா விட வேண்டிய விஷயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி என்று மூன்றுக்கும் தலா ஓர் ஆசிரியராவது கட்டாயம் இருக்க வேண்டும். 35 பிள்ளைக்கு ஒருவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான். அதில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள், தீர்மானம் எழுத்தில் நிற்கும்.

அண்ணன்: சரி. தீர்மானத்தை நான் எழுதித் தருகிறேன். தாழ்ப்பாள் விஷயத்தையும் பெரிய பள்ளிக்குத் தனியாக எழுதுவோம். நம் பிள்ளை போகாவிட்டாலும் மற்ற பிள்ளைகள் போகிறார்களே.

அண்ணி: சின்னவனும் நம் ஊர்ப் பள்ளிதான். அவனுக்குக் காலை உணவு அங்கேயே கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக்கு அது கிடையாது, ஐந்து வரைதான். பாப்பாவுக்குக் காலையில் வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்து அனுப்பு.

நான்: அதற்கும் நேரம் இருக்கும், அண்ணி. பெரிய பள்ளி என்றால் 7.40 பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு.

தம்பி: ஒன்பதாம் வகுப்பில் அந்த பஸ்ஸைத்தானே நம்ப வேண்டும், அக்கா? அரசு சைக்கிளும் பதினொன்றாம் வகுப்பில்தான் தருகிறார்கள்.

அம்மா (இரவு 8.15): எல்லாவற்றையும் படித்தேன். புதுக்கோட்டையில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, 1991இல், உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் சைக்கிள் பழகினேன். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். வயற்காட்டு வேலை முடித்த பெண்கள் எல்லாம் சாயங்காலம் மைதானத்துக்கு வந்துவிடுவோம். முட்டி பெயர்ந்து வீட்டுக்குப் போவோம், மறுநாளும் வருவோம். ஏழு கிலோமீட்டர் பெரிய தூரம் இல்லை. பாப்பாவுக்கு மூன்று வருடம் இருக்கிறது. கொல்லையில் கிடக்கும் உன் பழைய சைக்கிளை வெளியே எடுத்துச் செயினுக்கு எண்ணெய் விடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன்.

நான்: சரி, அம்மா. பின் டயர் போயிருக்கிறது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.