கணினியோடு சேர்ந்து வந்த கலைக்களஞ்சிய சிடி: உங்கள் அனுபவம்?

பழையமவுஸ்:
மைக்ரோசாஃப்டின் கலைக்களஞ்சிய சிடியான என்கார்ட்டாவிலும் அதிலிருந்த வினாடிவினா விளையாட்டான மைண்ட்மேஸ் கோட்டையிலும் அலைந்தவர்கள் எல்லாரும் வரலாம். என் கதை அதற்கும் சற்று முந்திய சிடி பற்றியது. கணினி வாங்கியபோது கூடவே வந்தது, 1992 பதிப்பு. நாங்கள் அதை முதலில் போட்டுப் பார்ப்பதற்குள் செக்கோஸ்லோவாக்கியா பிரிந்து (1993 ஜனவரி 1) வருடங்கள் ஓடிவிட்டன. சிடியில் மட்டும் அது ஒரே நாடு. தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கும் தாத்தா, "அது இப்ப ரெண்டு நாடுடா" என்றார். அண்ணன் நிலப்படத்தைச் சொடுக்கிக் காட்டி, "கம்ப்யூட்டரே சொல்லுது தாத்தா" என்றான். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "அப்ப நான்தான் தப்பாப் படிச்சிருப்பேன்" என்றார். சரியாகச் சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான். அது இன்னும் என்னவோ செய்கிறது.

சுண்ணக்கட்டி:
நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என்கார்ட்டாவிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் அடியில் தானாகவே காப்புரிமை வரி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், நினைவிருக்கிறதா? எரிமலை பற்றி வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். பாதி வகுப்பு அந்த வாலோடுதான் அச்செடுத்துக் கொண்டுவந்தது. கொஞ்சம் விவரமான பையன்கள் தாளின் அடிப்பகுதியைக் கத்தரித்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நாலு பக்கத்தையும் கையால் எழுதியிருந்தாள். யாரோ அச்செடுத்ததைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். கடைசி வரியையும் விடவில்லை. மைக்ரோசாஃப்ட் என்று எழுதி, அதன் தோளில் குட்டியாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆர் எழுத்து. வட்டத்தைக் காம்பஸ் வைத்துப் போட்டிருந்தாள், ஊசி குத்திய ஓட்டை தாளில் தெரிந்தது. எவ்வளவு மதிப்பெண் போட்டேன் என்பது மறந்துவிட்டது, அந்த ஓட்டை மறக்கவில்லை.

கருப்புப்பெட்டி:
1992 எல்லாம் ஆரம்ப காலமா? 1988இல் வந்த, ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினியிலேயே வெப்ஸ்டர் அகராதி, ஆக்ஸ்ஃபோர்டு மேற்கோள் அகராதி, ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்பு எல்லாம் சேர்ந்தே வந்தன. சிடிகூட இல்லை, 256 எம்பி காந்த ஒளியியல் வட்டு. கடகடவென்று சத்தம் போடும், மெதுவாகத்தான் நகரும். ஆனால் தேடல் இருந்தது. எங்கள் ஆய்வகத்துக்கு ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். ஷேக்ஸ்பியரில் 'உறக்கம்' எங்கெங்கே வருகிறது என்று பல வருடமாக அட்டைகளில் குறித்துவைத்திருந்தவர். ஒருவர் அந்தச் சொல்லைத் தட்டினார், பட்டியல் வந்தது. மனிதர் அசரவே இல்லை. பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக்கட்டை எடுத்து, இயந்திரம் எதையாவது விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் போட ஆரம்பித்தார். விளக்கணைக்கும் நேரம் வரை நாங்கள் யாரும் அந்தக் கணினியைத் தொட முடியவில்லை.

நள்ளிரவுவாசகி:
எங்கள் வீட்டில் தடித்தடியான கலைக்களஞ்சியத் தொகுதிகள் இருந்தன. சிடி வந்த வாரமே மானிட்டர் தாழ்வாக இருக்கிறது என்று அப்பா இரண்டு தொகுதிகளை அதன் அடியில் வைத்துவிட்டார். அப்புறம் அந்த இரண்டு தொகுதியில் இருக்கும் எதையும் சிடியில் மட்டுமே பார்க்க முடிந்தது! பிரிட்டானிக்காவைக் கொன்றது என்கார்ட்டாதான், சந்தேகமே இல்லை.

640கேபி:
வாசகி, இதை எல்லாரும் சொல்கிறார்கள், அதனாலேயே எரிச்சல் வருகிறது. பிரிட்டானிக்கா ஒன்றும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 1989இல் காம்ப்டன்ஸ் பல்லூடகக் கலைக்களஞ்சியத்தை சிடியில் வெளியிட்டதே அவர்களுடைய நிறுவனம்தான். என்கார்ட்டா வந்தது 1993இல், அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் உரையை உரிமம் வாங்கிப் படமும் ஒலியும் சேர்த்தது. அதற்கும் முன்னால் 1985லேயே க்ரோலியர் வெறும் எழுத்தாக ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சிடியில் போட்டுவிட்டது. புத்தகம் விற்றவர்களைக் கவிழ்த்தது சிடியின் தரம் அல்ல, அது கணினியோடு சும்மா வந்ததுதான். சும்மா வருவதோடு யார் போட்டி போட முடியும்? கடைசியில் என்கார்ட்டாவே 2009இல் மூடப்பட்டது, விக்கிப்பீடியாவுக்கு அப்போது எட்டு வயது. அச்சுப் பிரிட்டானிக்கா 2012 வரை தாக்குப்பிடித்தது. கொன்றதாகச் சொல்லப்படுகிறவர் முதலில் போய்ச் சேர்ந்தார், இது எந்த ஊர்க் கொலை?

என் அனுபவம்: ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கும் வீடியோ, தபால்தலை அளவு சன்னல். கீறல் விழுந்த வட்டு. ஏணியில் கால் வைக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். அவர் இறங்கியதை நான் பார்த்ததெல்லாம் பிற்பாடு தொலைக்காட்சியில்தான்.

வட்டுப்பித்தன்:
அந்த வட்டு இன்னும் இருக்கிறதா 640? இருந்தால் தயவுசெய்து பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாகச் சுற்றக் கூடாது. எல்லாரும் அடிப்பக்கத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் மேல்பக்கம்தான் பலவீனம், எதிரொளிக்கும் படலம் லேபிளுக்குக் கீழே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அதன் மேல் பெயர் எழுதியவர்கள் கதை முடிந்தது. நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் போடுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குத் திரும்பி வரும். வேறொரு டிரைவிலும் முயன்று பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படித்துவிடும்.

வட்டில் ஆடியோ ட்ராக் இருந்தால் ஐஎஸ்ஓ (வட்டின் நகலை ஒரே கோப்பாக வைப்பது) போதாது, அதில் தரவு ட்ராக் மட்டும்தான் வரும். பின் (.bin), க்யூ (.cue) என்று இரண்டு கோப்பாக எடுக்க வேண்டும். அப்புறம் 64 பிட் விண்டோஸில் அந்தக் கால 16 பிட் மென்பொருள் ஓடாது. பழைய கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 3.1 நிறுவி, திரையை 256 வண்ணத்தில் வையுங்கள். 16 வண்ணத்தில் விட்டால் படமெல்லாம் சேறு பூசினது மாதிரி தெரியும்.

நள்ளிரவுவாசகி:
அவர் இதையெல்லாம் கேட்டாரா? பரவாயில்லை, நான் செய்து பார்த்தேன். நிரல் திறக்கிறது, படங்கள் வருகின்றன, இசைக்கருவிப் பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை.

வட்டுப்பித்தன்:
ஐஎஸ்ஓவாகத்தானே எடுத்தீர்கள்?

நள்ளிரவுவாசகி:
இல்லை, பின் க்யூதான்.

வட்டுப்பித்தன்:
அப்படியானால் க்யூ கோப்பை நோட்பேடில் திறங்கள். உள்ளே பின் கோப்பின் பெயர் எப்படி இருக்கிறதோ, உங்கள் ஃபோல்டரிலும் அச்சு அசல் அப்படியே இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், டாஸ்பாக்ஸில் வட்டு நகலை இணைக்கும் imgmount கட்டளைக்கு பின் கோப்பைக் காட்டாமல் க்யூ கோப்பைக் காட்டுங்கள். அதிலும் சத்தம் வரவில்லை என்றால் விண்டோஸ் 3.1 உள்ளே சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைக்கான டிரைவர் மென்பொருள் போட்டீர்களா என்று சொல்லுங்கள்.