தூரத்து கேலக்ஸிக்குள்ள பிளாக் ஹோல் இருக்குன்னு ஸ்பெக்ட்ரத்துல எப்படி தெரியுது?

வான்பித்தன்:
ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் பார்த்த சீர்ஸ் 1019ங்கற தூரத்து கேலக்ஸி பத்தி படிச்சேன். பெருவெடிப்பு நடந்து 57 கோடி வருஷத்துலயே அதுக்குள்ள 90 லட்சம் சூரியன் எடைக்கு ஒரு பிளாக் ஹோல் வளர்ந்துட்டு இருக்காம். ஆனா படத்துல பார்த்தா வெறும் மங்கலான திட்டுதான, அப்புறம் உள்ள பிளாக் ஹோல் இருக்குன்னு எத வச்சு சொல்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நிறமாலை:
படத்த வச்சு இல்ல சகோ, ஸ்பெக்ட்ரத்துல, அதாவது ஒளிய நிறம் நிறமா பிரிச்சா, ஒவ்வொரு வாயுவும் தனக்குன்னு ஒரு அலைநீளத்துல கோடு போடும், அந்த கோட்டோட அகலத்த வச்சு. திருவிழா ராட்டினம் சுத்துறத பக்கவாட்டுல நின்னு பாருங்க, பாதி பேர் நம்ம பக்கம் வருவாங்க, பாதி பேர் தள்ளிப் போவாங்க. பிளாக் ஹோல சுத்தற ஹைட்ரஜன் வாயுவும் அப்படித்தான், வர்ற பக்கத்து ஒளி நீலத்துக்கும் போற பக்கத்து ஒளி சிவப்புக்கும் நகர்ந்து ஒல்லியா இருக்க வேண்டிய கோடு அகலமாயிடும். ரெண்டு பக்கத்துக்கும் வேக வித்தியாசம் செகண்டுக்கு 2000 கிலோமீட்டர்னா ஒளி வேகத்துல 150ல ஒரு பங்கு, அப்போ 656 நானோமீட்டர்ல வர்ற எச் ஆல்ஃபாங்கற ஹைட்ரஜன் கோடு கிட்டத்தட்ட 4 நானோமீட்டருக்கு விரியும். பிரபஞ்சம் விரியறதால தூரத்து ஒளியோட அலைநீளம் வர்ற வழியில நீண்டுடும், சீர்ஸ் 1019ல எச் ஆல்ஃபா அப்படி நீண்டு, வெப்போட ஸ்பெக்ட்ரம் எடுக்கற நிர்ஸ்பெக் கருவியோட எல்லைய தாண்டிப் போயிடுச்சு, அதனால 4.7 மைக்ரானுக்கு நீண்டு வந்த எச் பீட்டாங்கற இன்னொரு ஹைட்ரஜன் கோட்ட பார்த்தாங்க.

வான்பித்தன்:
சூப்பர்நோவா வாயுவ வெளிய தள்ளினாலும் அந்த வேகம் வருமே? அப்பவும் கோடு அகலமாத்தான இருக்கும்?

நிறமாலை:
சரியான கேள்வி. அதுக்குத்தான் பக்கத்துல இருக்கிற ஆக்சிஜன் கோட்டையும் பார்க்கணும், 500.7 நானோமீட்டர். அந்த ஒளி வரணும்னா ஆக்சிஜன் அயனி அரை நிமிஷமாவது யாரும் இடிக்காம சும்மா இருக்கணும், பிளாக் ஹோல் பக்கத்துல வாயு அவ்வளவு நெருக்கமா இருக்கறதால அதுக்குள்ள இன்னொண்ணு வந்து மோதி எனர்ஜிய பிடுங்கிடும், அதனால ஆக்சிஜன் கோடு தள்ளி இருக்கிற நெருக்கமில்லாத வாயுல இருந்துதான் வரும். கேலக்ஸி முழுக்க வாயு வெளிய பாய்ஞ்சா ஆக்சிஜன் கோடும் சேர்ந்து அகலமாகும். ஹைட்ரஜன் மட்டும் அகலம், ஆக்சிஜன் ஒல்லின்னா நடுவுல இருக்கிற நெருக்கமான வாயுதான் அவ்வளவு வேகமா சுத்துது. எனக்கு இந்த முறையிலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், ஒரே ஸ்பெக்ட்ரத்துல ரெண்டு சாட்சி!

செந்நகர்வு:
ஒண்ணு சேர்க்கறேன். சீர்ஸ் 1019ல அந்த அகலமான பகுதி ரொம்ப மங்கல், அத மட்டும் வச்சு அடிச்சு சொல்ல முடியாது. எடையும் அப்படித்தான், பக்கத்து கேலக்ஸில கிடைச்ச கணக்க அங்க பொருத்திதான் போடறாங்க. இப்போ வெப் படங்கள்ல நிறைய கிடைக்கிற 'குட்டி சிவப்பு புள்ளிகள்'ங்கற சின்னச் சின்ன தூரத்துப் பொருள்கள்ல எலக்ட்ரான்கள் ஒளிய சிதறடிச்சும் கோடு அகலமாகலாம்னு ஒரு வாதம் இருக்கு, அது சரின்னா எடை நிறைய குறையும். ஜிஎன் இசட் 11ங்கற கேலக்ஸி இன்னும் தூரம், அங்க எச் பீட்டாவும் எல்லைக்கு வெளிய. அதனால நைட்ரஜன் கோடுகள வச்சு வாயு எவ்வளவு நெருக்கம்னு பார்த்து, உள்ள 16 லட்சம் சூரியன் எடைக்கு பிளாக் ஹோல் இருக்குன்னு 2024ல எழுதினாங்க.

வான்பித்தன்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இனிமே ஸ்பெக்ட்ரம் படம் பார்த்தா முதல்ல ஆக்சிஜன் கோட்டதான் தேடுவேன்.