ஒரு வாத்தியார் ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்னதான் செய்ய முடியும்?

கரும்பலகை:

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், சேர்ந்து மூன்றாவது வருடம். எட்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள். அதில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதி வந்ததே கிடையாது. போன வாரம் வட்டிக் கணக்கு ஒன்றை நான் பலகையில் மூன்றாவது வரி எழுதிக்கொண்டிருக்கும்போதே, "டீச்சர், எழுநூத்தி இருவதுதானே" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எப்படிடா என்றால், அப்பா வாங்கிய கடனுக்கு வாராவாரம் வட்டி பார்ப்பது இவன்தானாம். எட்டு முடிந்ததும் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறார்கள். உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர், காலையில் ஒரே பஸ்.

ஆசிரியர் தினத்தில் மேடையேறுகிறவர்கள் எல்லோரும் "என்னை ஆளாக்கியதே என் ஆசிரியர்தான்" என்கிறார்கள். கலாமை அவருடைய சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை பறப்பதைக் காட்டிய கதையை நானே நாலு தடவை பேசியிருக்கிறேன். எனக்குச் சந்தேகம், ஜெயித்தவர்கள் பின்னால் திரும்பிப் பார்த்து மரியாதைக்குச் சொல்வதோ என்று. புகழ்ச்சி வேண்டாம், உங்கள் வாத்தியார் கையால் என்ன செய்தார், அதை மட்டும் சொல்லுங்கள்.

திண்ணைவாசி:

அம்மா, என் வாத்தியார் கதையில் சுவாரசியம் இல்லை, பழைய தமிழ் ஏடுகளைத் தேடி அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் கதையைச் சொல்கிறேன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயதுபோல. பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று பிள்ளை கேட்க, வீட்டில் சாமா என்பார்கள், சாமிநாதன் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று பையன் சொல்ல, அன்றிலிருந்து சாமிநாதன். நாம் இன்றைக்குச் சொல்கிற பெயரே வாத்தியார் நிலைக்கச் செய்ததுதான்.

அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார், நந்தனார் கீர்த்தனை எழுதியவர். பையனின் அப்பா சங்கீதக்காரர், அதனால் இவனைப் பாரதியாரிடம் பாட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இது தெரியவந்தது. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் போகாது என்கிற பாணியில் ஏதோ சொன்னார், பாட்டு அதோடு நின்றது. இதில் எனக்குப் பிள்ளைமேல் இன்னும் வருத்தம் உண்டு, சும்மா சொல்லவில்லை. வாத்தியார் ஒரு பையனைத் திருப்பிவிடுகிறார் என்றால் இன்னொரு பக்கம் போகாமலும் செய்துவிடுகிறார்.

ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் இதற்கப்புறம்தான் வருகிறது. பிள்ளை 1876-ல் இறந்துபோனார். நாலு வருடம் கழித்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் வேலையை விடுகிறார். அவரும் பிள்ளையின் மாணவர்தான், முந்தைய செட்டு. தன் இடத்துக்குச் சாமிநாதையரைத்தான் போட வேண்டும் என்று நின்று வாங்கிக் கொடுத்தார். அந்த வேலைக்காகக் கும்பகோணம் வந்ததால்தான் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்த்தார், அவர் கேட்டதால்தான் சீவக சிந்தாமணி என்கிற பழங்காப்பியத்தின் ஏட்டைக் கையில் எடுத்தார், 1887-ல் அச்சில் வந்தது. பிள்ளை சொல்லிக்கொடுத்ததோ அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும். சிந்தாமணி அந்தப் பாடத்திலேயே கிடையாது.

அதனால், உங்கள் பள்ளியில் படித்துவிட்டு அந்த ஆறு கிலோமீட்டரும் போய்வருகிற அண்ணன் எவனாவது இருப்பான். முதலில் அவனைப் பிடியுங்கள்.

தறிக்காரர் மகள்:

டீச்சர், கையால் செய்ததைக் கேட்டீர்கள், என் கணக்கு சார் கையால் படிவம் நிரப்பினார்.

நான் எட்டாவது படித்தபோது என்.எம்.எம்.எஸ்., அதாவது வசதியில்லாத வீட்டு எட்டாவது பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை, எங்கள் பள்ளியிலிருந்து யாரும் எழுதியதில்லை. அப்போது மாதம் 500 ரூபாய், ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். இப்போது 1,000. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், நான் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பேன். வருமானச் சான்றிதழுக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போகும் என்று அப்பா முடியாது என்றுவிட்டார். சார் ஒரு சாயங்காலம் டிவிஎஸ் 50-ல் வந்து இறங்கினார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அப்பா நிறுத்தவும் இல்லை. சார் பேசாமல் அரை மணி நேரம் நின்றார். இழை அறுந்து தறி நின்றது. அப்போதுதான், "அண்ணா, நாளைக்கு வண்டியில நானே கூட்டிட்டுப் போறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். என் எதிர்காலம், என் அறிவு, அதெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா இழையை முடிந்துகொண்டே "சரிங்க சார்" என்றார்.

தேர்வுக்கு முன் சனிக்கிழமைகளில் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்ப்போம். மனத்திறன் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. நான் பாஸ், கூட எழுதின மூன்று பேர் இல்லை, அவர்களுக்கும் சார் அதே அளவுதான் மெனக்கெட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குரூப் 4 எழுதி இப்போது கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். வருமானச் சான்றிதழ் மனு எட்டாவது பிள்ளையுடையது என்றால் அன்றே மேலே அனுப்பிவிடுவேன். என் மேலதிகாரி ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கிண்டல் செய்வார்.

பின்வரிசை:

எல்லாம் நல்லபடியாகவே போகிறது, நான் கெடுக்கிறேன், மன்னிக்கவும். எனக்கும் எதிர்காலத்தை மாற்றிய ஆசிரியர் ஒருவர் உண்டு. ஒன்பதாவதில் நான் எழுதிய கவிதையை வகுப்பில் ராகம் போட்டுப் படித்துக்காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். பத்தொன்பது வருடம் ஆகிறது, மளிகைச் சீட்டு தவிர எதுவும் எழுதுவதில்லை. அவருக்கு இது ஞாபகம்கூட இருக்காது.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பையனைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், மீதி 31 பேர்? நீங்கள் அவனை மட்டும் பார்ப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தவன்.

கரும்பலகை:

பின்வரிசை, நீங்கள் கேட்டது உறைத்தது. இன்று வகுப்பில் வட்டிக் கணக்கை நிறுத்திவிட்டு, வீட்டில் யார் யார் காசுக்கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பதினோரு கை. அதில் ஒரு பெண் மூன்று வருடமாகப் பால் கணக்கு எழுதுகிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

தறிக்காரர் மகள், பையன் ஏழாவதில் 58 சதவீதம், அந்தத் தேர்வு எழுத 55 போதும் என்கிறார்கள், தப்பித்தான். நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா இல்லை. அம்மா டீ போட்டுக் கொடுத்தார், பிறகு "அவுங்க ஒத்துக்க மாட்டாங்க டீச்சர்" என்று நாலு தடவை சொன்னார்.

தறிக்காரர் மகள்:

எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு இப்போதே போட்டுவிடுங்கள், ஆதாரும் ரேஷன் கார்டும் கையோடு இருக்கட்டும், பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் இழுத்தடிக்கும். பால் கணக்குப் பெண்ணுக்கும் சேர்த்து. அப்பா எந்த நேரம் வீட்டில் இருப்பார்?

கரும்பலகை:

ஞாயிறு காலை, கறி எடுக்கப் போகும் முன்னாடி. போகிறேன்.