காசம்பட்டி வீரகோயில் காட்டில் ஒரு காலை

பழைய காடு பார்க்கணும் என்றால் மதுரைக்காரர்கள் உடனே கொடைக்கானல் சோலைகளைச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நத்தம் பக்கம், அழகர்மலை காப்புக்காட்டை ஒட்டியே காசம்பட்டி வீரகோயில் காடு இருக்கிறது. மொத்தமே 4.97 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கர் சொச்சம்தான். 2025 மார்ச்சில் இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிர்கள் வாழ்வதால் பாதுகாக்க வேண்டிய இடமாக, அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் முதலாவது, 2022இல் அறிவிக்கப்பட்ட நம்ம மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி, இது இரண்டாவது.

மழை ஓய்ந்த மார்கழியில் போயிருந்தேன். சுற்றிலும் மாந்தோப்பு. காட்டுக்குள் பெரும்பாலும் உசிலை மரங்கள். தலைக்குத் தேய்க்கிற அரப்பு இந்த இலையை அரைத்து எடுப்பதுதான். ரோட்டோரத்து உசிலையை ஆடு கடித்து, ஆள் கொப்பொடித்துக் குட்டையாக்கி வைத்திருப்பார்கள். இங்கே அதன் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கிறது. அடிமரம் முறுக்கேறி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கைத்தண்டி கொடிகள் உச்சி வரை ஏறிக் கிடக்கின்றன.

எனக்கு மறக்காதது, விழுந்து கிடந்த ஒரு மரம். பட்டை உரிந்து, கறையான் மண் பூசி, உள்மரம் விரலால் தொட்டாலே உதிர்ந்தது. ஒரு பக்கம் வெள்ளைக் காளான் அடுக்கடுக்காக முளைத்திருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து ஓர் அரணை ஓடி சருகுக்குள் புகுந்தது. வேற இடமாக இருந்தால் இந்த மரம் விழுந்த மறுநாளே விறகாகியிருக்கும்.

காட்டுக்குள் இருக்கும் வீரணன் சாமி கோயிலடியில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவரிடம் கேட்டேன்: “ஐயா, இதை யாரும் எடுக்க மாட்டாங்களா?”

“காஞ்ச சுள்ளியக்கூட ஒடிச்சு வீட்டுக்குக் கொண்டு போக மாட்டோம் தம்பி. வீரணன் சொத்து அது.”

“அப்போ அடுப்புக்கு?”

“தோப்புல மாங்கொப்பு கெடக்குல்ல!”

அரப்புக்குக்கூட வெளியே வயக்காட்டு உசிலையில்தான் இலை பறிப்பார்களாம். வேலியும் காவலும் போடாமல் இந்தக் காடு நின்றது இந்தக் கட்டுப்பாட்டால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். பட்ட மரத்தை விட்டுவைத்தால்தான் கறையானும் பூஞ்சையும் அதை மண்ணாக்கும். அந்த மண்ணில்தான் அடுத்த கன்று வரும். அரசு அறிவிப்பு வந்தது ரொம்ப நல்லது, ஆனால் காப்பாற்றியது ஊர்தான்.

ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வெளியிலிருந்து வந்த யாரோ தண்ணீர் பாட்டிலும் பேப்பர் கப்பும் வேரடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கைக்கு எட்டியதைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்கள் மாட்டுத்தாவணியில் நத்தம் பஸ் ஏறுங்கள். நத்தத்தில் இறங்கி காசம்பட்டிக்கு வழி கேட்டால் சொல்வார்கள். வெயில் ஏறுவதற்குள் போனால் பறவைகள் பார்க்கலாம். கோயில் பக்கம் செருப்பு வேண்டாம், இலை கூடப் பறிக்காதீர்கள். அடுத்து, மதுரை கிழக்கே இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கேயும் பழைய உசிலைகள்தான்.