புதுப்பிப்பு: குதிகால் தசைநாண் வலியும் டைக்ளோஃபெனாக்கும்

பெங்களூரு கப்பன் பார்க்கில் ஓடி ஓடி வந்த குதிகால் தசைநாண் வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற அழற்சி குறைக்கும் வலி மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, அதற்குத்தான் இது. அல்சூர் பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட், நல்லவேளை தமிழர், பொறுமையாக விளக்கினார்.

புதிதாக அடிபட்ட தசைநாணில் முதலில் வரும் அழற்சிதான் (வீக்கம், சூடு, வலி) பழுதுபார்க்கும் செல்களை அங்கே கூட்டிவருகிறது. டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் காக்ஸ் என்ற நொதியைத் தடுத்து, வலியையும் அழற்சியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைப்பதால் வலி அடங்கும், ஆனால் அந்த ஆரம்ப வேலையும் மந்தமாகலாம். விலங்குச் சோதனைகள் சிலவற்றில், எலும்போடு தைத்த நாண் வலுக்குறைவாக ஒட்டியிருக்கிறது, எல்லாவற்றிலும் அப்படி இல்லை.

என்னுடையதைப் போல மாதக்கணக்கில் இழுக்கும் வலியில் அழற்சி பெரிதாக இருக்காதாம், தசைநாணுக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரத நார்கள் சீர்குலைந்து கிடப்பதுதான் பிரச்சினை, அதை மாத்திரை எப்படிச் சரிசெய்யும்? வலி தெரியாமல் மறுபடி ஓடி இன்னும் கெடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதனால் இப்போது படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி. 1998இல் ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஆல்ஃப்ரெட்சனின் குழு வெளியிட்ட முறை: முழங்காலை நீட்டி 15 தடவை 3 சுற்று, லேசாக மடக்கி அதே அளவு, தினம் இரு வேளை, 12 வாரம். மகா அலுப்பு. ஆனாலும் காலையில் எழுந்ததும் இருந்த இறுக்கம் குறைந்திருக்கிறது.

அப்புறம், பாராசிட்டமால் பற்றிக் கேட்டவருக்கு: அது அழற்சியை அவ்வளவாகத் தொடாது, வலி தாங்காத ராத்திரிக்கு எனக்கு பிசியோதெரபிஸ்ட் அதைத்தான் சொன்னார்.