ஈபி பில் ஒரே தடவையில் 950 ரூபாய் ஏறிவிட்டது, எங்கே பார்ப்பது? (தண்டையார்பேட்டை)

தண்டையார்பேட்டை_மாடிவீடு:

வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பழைய வீடு, கீழே இரண்டு குடித்தனம், மேலே நாங்கள். மூன்று பேருக்கும் ஈபி கார்டு தனித்தனி, அதனால் வீட்டுக்காரர் தலையீடு இல்லை, பில்லை நானே போனில் கட்டிவிடுவேன். போன முறை 440 யூனிட், 1,427 ரூபாய். இந்த முறை 540 யூனிட், 2,376 ரூபாய். நூறு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாயா என்று எனக்குப் புரியவே இல்லை.

வீட்டில் ஐந்து பேர். மூன்று ஃபேன், ஒரு டன் ஏசி ஒன்று (ராத்திரி மட்டும்), ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, மிக்ஸி, அவ்வளவுதான், கீசர் கிடையாது. என் கணவருக்கு ஹார்பரில் ஷிப்ட் வேலை, நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் தூங்குவார், அப்போது ஃபேன் நாள் முழுக்க ஓடும். வெயில் என்று ஏசி கொஞ்சம் கூடுதலாக ஓடியிருக்கலாம், ஆனால் நூறு யூனிட் அளவுக்கு ஓடியதாகத் தெரியவில்லை. கேஸ், தண்ணீர் கேன் என்று எல்லாமே ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதுவும் சேர்ந்தால் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். லைட்டை அணையுங்கள் என்பதைத் தாண்டி உருப்படியாக ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

வியாசர்பாடி_வயர்மேன்:

அக்கா, முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், அது தெரியாமல் எதைக் குறைத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு குறைப்பது மாதிரிதான். 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓட்டினால் 1,805 ரூபாய்.

ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 101 முதல் 200 வரைக்குமான 2.35 சலுகை போய்விடும், அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அங்கேயே 235 ரூபாய் கூடுதல். அதற்கு மேல் 501 முதல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8.40, அடுத்த இருநூறு 9.45, அப்புறம் 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. உங்கள் 540ஐப் போட்டுப் பாருங்கள்: 300 யூனிட் 4.70 வீதம் 1,410, நூறு யூனிட் 6.30 வீதம் 630, நாற்பது யூனிட் 8.40 வீதம் 336. மொத்தம் 2,376. பில்லில் தப்பு இல்லை, நீங்கள் 500ஐத் தாண்டியதுதான் விஷயம். உங்களுக்குத் தேவை 40 யூனிட் குறைப்பது, அது கைக்கு எட்டுகிற தூரம்தான்.

ரீடிங் தேதியையும் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது யூனிட் ஓடுகிறது என்று வைத்தால், ரீடிங் ஐந்து நாள் தள்ளிப்போனால் 45 யூனிட் இந்த பில்லில் ஏறிவிடும். கார்டில் போன தேதியும் இந்தத் தேதியும் இருக்கும், இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நாள் அதிகம் என்றால் உங்கள் செக்‌ஷன் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கல்மண்டபம்_குடித்தனக்காரர்:

தனிக் கார்டு இருப்பதே பெரிய விஷயம் சகோதரி. ராயபுரம், காசிமேடு பக்கம் ஒரே ஈபி மீட்டரில் மூன்று நான்கு போர்ஷன், உள்ளே சப் மீட்டர் (வீட்டுக்காரரே மாட்டுகிற உள் மீட்டர்), யூனிட் பத்து ரூபாய் என்று வாங்குகிற வீடுகள் எத்தனையோ. வயர்மேன் அண்ணன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வீடு, ஆளுக்கு 250 யூனிட். தனித்தனிக் கார்டு இருந்தால் வீட்டுக்கு 470 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து 1,410தான். அதே 750 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 4,297 ரூபாய் 50 பைசா. மூன்று வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய இலவச நூறு ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைக்கிறது, மற்றதெல்லாம் விலை கூடிய மேல் ஸ்லாபுக்குப் போகிறது. பத்து ரூபாய் வீதம் வசூல் பண்ணினால் 7,500. மீதி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் காலி பண்ணு என்பார்கள் என்ற பயம்.

இதைப் படிக்கிறவர்களில் அப்படிப்பட்ட வீட்டில் யாராவது இருந்தால், தனி வாசலும் தனிச் சமையலறையும் இருக்கிற போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதை வீட்டுக்காரரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். டெபாசிட், வயரிங் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னால் சிலர் இறங்கி வருவார்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ஈபி தனியா, சப் மீட்டரா என்று கேட்டுவிடுவது நல்லது.

கொடுங்கையூர்_அம்மா:

ஏசியை 22ல் வைக்கிறீர்களா? 26ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள், தூக்கம் நன்றாகவே வரும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று பிஇஇ, அதாவது அந்த ஸ்டார் ஒட்டுகிற அமைப்பே சொல்கிறது. 2020 முதல் விற்கிற ஏசி எல்லாம் ஆன் பண்ணினால் 24ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, நாம்தான் ரிமோட்டை எடுத்து இறக்கிவிடுகிறோம்.

பகலில் தூங்குகிறவர் ரூமில் மட்டும் ஒரு பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற ஃபேன் மாட்டுங்கள். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் பக்கம். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், உங்களுக்கு வேண்டியது ஏறக்குறைய அதில் மட்டுமே வந்துவிடுகிறது. 3,000 ரூபாய் வாக்கில் ஆகும்தான், மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், அதிகம் ஓடுகிற ஒன்றை மட்டும் மாற்றுங்கள். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்துவிட்டு விடுகிறோம் இல்லையா, அது பத்துப் பதினைந்து வாட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு மாதத்துக்குப் பதினைந்து இருபது யூனிட். சுவிட்சில் அணையுங்கள்.

கேஸ் பற்றியும் சொன்னீர்கள். அரிசி பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வைத்தால் விசில் குறையும், தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழுவுங்கள். நான் மீன் குழம்பு மண்சட்டியில்தான் வைக்கிறேன், மீனைப் போட்டு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன், சட்டிச் சூட்டிலேயே வெந்துவிடும். அப்புறம் சிலிண்டர் வரும்போது எடை போட்டு வாங்குங்கள். காலி எடை சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை.

எர்ணாவூர்_கடற்கரை:

நம் பக்கத்துக்கு என்று ஒன்று இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள். எண்ணூர், எர்ணாவூர், மணலி பக்கமெல்லாம் சாம்பலும் தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து ஏசி அவுட்டோர் யூனிட்டில் படிந்துவிடுகிறது. சூடு வெளியே போக முடியாமல் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ரூமும் குளிராது, மீட்டரும் ஓடும். தண்டையார்பேட்டையும் கடலுக்குக் கிட்டேதான். வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது இங்கே போதாது. மெயினை அணைத்துவிட்டு அவுட்டோரைத் தண்ணீர் அடித்துக் கழுவ ஒரு ஆளைக் கூப்பிடுங்கள், உள்ளே இருக்கிற ஃபில்டரை நீங்களே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவலாம். ஃப்ரிட்ஜையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

மேல் மாடியா, மொட்டை மாடிக்கு நேர் கீழேயா? அப்படியென்றால் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பிவிடும், ராத்திரி ரூம் சீக்கிரம் ஆறும். செலவும் பெரிதாக இல்லை.

தண்டையார்பேட்டை_மாடிவீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேதி பார்த்தேன், சரியாக இரண்டு மாதம்தான், அதில் குறை இல்லை. ஏசி 23ல் இருந்தது, 26 ஆக்கிவிட்டேன், பிள்ளைகள் முதல் நாள் முனகினார்கள், இப்போது பழகிவிட்டது. ஆனாலும் நூறு யூனிட் எங்கே போனது என்பது மட்டும் பிடிபடவில்லை.

வியாசர்பாடி_வயர்மேன்:

அப்படியென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ், வைஃபை உட்பட எல்லாவற்றையும் அணையுங்கள், ஆனால் மெயின் ஆனிலேயே இருக்கட்டும். கீழே போய் உங்கள் மீட்டரில் இருக்கிற சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடுகிறது. எத்தனை மினுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே போட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. எல்லாம் அணைந்த பிறகு விளக்கு மினுக்காமல் நிற்க வேண்டும். மினுக்கினால் ஒன்று வயரிங்கில் லீக்கேஜ், பழைய வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் இது நடக்கும், ஷாக் அடிக்கிற ஆபத்தும் உண்டு, உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் உங்கள் மீட்டரிலிருந்து வேறு ஏதோ ஒன்று ஓடுகிறது. காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் மாடிப்படி லைட், மோட்டார் மாதிரியானவை எப்போதும் ஓடாது.

தண்டையார்பேட்டை_மாடிவீடு:

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். ராத்திரி பார்த்தபோது விளக்கு நின்றிருந்தது. காலையில் கீழே மோட்டார் போட்டதும் வேகமாக மினுக்க ஆரம்பித்தது, நொடிக்கு ஒன்று இருக்கும். மெட்ரோ தண்ணீர் சம்ப்பிலிருந்து மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றுகிற ஒரு எச்பி மோட்டார், மூன்று வீட்டுக்கும் பொது, ஆனால் ஒயர் எங்கள் மீட்டரில் கொடுத்திருக்கிறார்கள். கீழே புதிதாக ஒரு பெரிய குடும்பம் வந்த பிறகு மோட்டார் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், 90 யூனிட்டுக்கு 4.70 வீதம் 423 ரூபாய், அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வியாசர்பாடி_வயர்மேன்:

அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. மோட்டார் ஓடுவதால்தான் உங்கள் வீடு 500ஐத் தாண்டுகிறது. மோட்டார் இல்லாமல் 450 யூனிட் என்றால் உங்கள் பில் 1,490. மோட்டாரோடு 2,376. ஆக மோட்டாரின் உண்மையான செலவு 886 ரூபாய், பிரித்தால் வீட்டுக்கு 295 ரூபாய் சொச்சம். இதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரையும் கீழ் வீட்டுக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள். சண்டையாகப் பேச வேண்டாம், கணக்கு தெரியாமல்தான் பல பேர் 4.70 என்கிறார்கள்.

மோட்டாருக்குத் தனி ஈபி இணைப்பு வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு அந்த நூறு யூனிட் இலவசம் கிடையாது, யூனிட் விலையும் கூடுதல், மூன்று வீட்டுக்கு அது தேவையில்லை. மோட்டார் லைனில் ஒரு சப் மீட்டர் மாட்டிவிட்டு, மூன்று வீட்டில் யார் குறைவாக ஓட்டுகிறார்களோ அவர்கள் மீட்டருக்கு ஒயரை மாற்றச் சொல்லுங்கள். 200 யூனிட் ஓட்டுகிற வீட்டில் அந்த 90 யூனிட்டும் 4.70ல்தான் போகும், அப்போது மொத்தச் செலவே 423 ரூபாய், பிரித்தால் ஆளுக்கு 141. எல்லோருக்கும் லாபம். யார் மீட்டரில் ஓடுகிறதோ அவர்களுக்கு மற்ற இரண்டு வீடும் பில் வந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டேங்க் நிரம்பி வழிகிறதா என்று ஒரு நாள் மாடியில் நின்று பாருங்கள். கீழே யார் வீட்டிலாவது ஃப்ளஷ் டேங்க் ஒழுகினாலும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் போகும், காலையில் மறுபடி மோட்டார் ஓடும். டேங்கில் நிரம்பினால் தானாக நிற்கிற ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று போட்டுவிட்டால் யாரும் அணைக்க மறந்தாலும் கவலை இல்லை. ஒயர் மாற்றும்போதே மாடிப்படி லைட் யார் மீட்டரில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.